தகட்டுக்குள் நின்றுபோன முனை

என் மேசை லாச்சியை இழுக்கும்போதெல்லாம் அந்த அலுமினியத் துண்டு சரிந்துவந்து விரலில் இடிக்கும். அது உண்டான நாளில் பிலிமத்தலாவைப் பட்டறையில் இருந்தவர்கள் நாலே பேர்: முதலாளி, நாங்கள் பாஸ் என்று கூப்பிடும் லேத் வேலைக்காரர், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த யாழ்ப்பாணத்து மிஸ், மில்லிங் மெஷின் ஓட்டும் நான்.

மிஸ் செய்ய வந்தது ஒட்டு வேலை. ஆனால் நெருப்பில்லை, உருக்கலில்லை. இரண்டு தகடுகளை விளிம்போடு விளிம்பு இறுக்கிவைத்து, சுழலும் உருக்கு முனையை அந்த இடுக்கில் அழுத்தி நடத்த வேண்டும். உராய்வுச் சூட்டில் அலுமினியம் களிபோல இளகும்; முனை அதைக் கிண்டிக் கலந்துகொண்டே போகும். எல்லாம் முனையின் வடிவத்தில்தான் இருக்கிறது என்பார். மிஞ்சியிருந்தது இரண்டு சோடித் தகடுகள். மெஷினும் அன்றைக்கு மட்டும்தான். நல்ல ஒட்டு ஒன்றைக் காட்டாவிட்டால் அந்த ஆராய்ச்சியையே நிறுத்திவிடுவார்கள்.

முதலாளி என் காதருகே வந்து, "மெஷினுக்கு ஒன்னு ஆச்சுன்னா நீதான்டா பொறுப்பு" என்றார். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். இந்த இடம் போனால் வேறு யார் கூப்பிடுவார்கள்? கைப்பிடியை இறுக்கிப் பிடித்து மெஷினைப் போட்டேன்.

முதல் ஒட்டு பார்க்க அவ்வளவு அழகு. முதலாளி போனை எடுத்துப் படம் பிடித்தார்.

"வெட்டிப் பாப்பம்" என்றார் மிஸ்.

"ஐயோ, இதப் போயா?" என்று பாஸ் பதறினார்.

வெட்டினோம். பளபளப்புக்கு அடியில், எலி வளை மாதிரி ஒரு துளை நெடுக ஓடியிருந்தது.

மிஸ் முனையைக் கழற்றி நகத்தால் தடவினார். அவர் கொடுத்த படத்தில் முனைக்கு மூன்று தட்டைப் பக்கங்கள், கூரான விளிம்புகள். அதைப் பார்த்து முனையைச் செய்த பாஸ், அந்த விளிம்பையெல்லாம் எமரித்தாள் போட்டு மழுக்கி வைத்திருந்தார். "கையக் கீறுற சாமான் எங்கிட்டருந்து வெளிய போனதில்ல மிஸ்" என்றார் பெருமையாக.

"வடிவாத்தான் மினுக்கியிருக்கிறியள் அண்ணை. ஆனா வழுக்கிக்கொண்டெல்லோ சுத்துது. இளகினதை அள்ளிப் பின்னுக்குத் தள்ள வேணும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார், கண் சிரிக்கவில்லை.

பாஸ் மூன்று பக்கங்களையும் மறுபடி தீட்டினார். முனை மெலிந்துபோனது. அதை மாட்டி, கடைசிச் சோடித் தகட்டில் இறக்கினேன். மெலிந்தது முறியும், முறிந்தால் மெஷினுக்கு ஏதாவது ஆகும், மெஷின் போனால் நான் போனேன். மெதுவாக அழுத்தினால் ஒட்டாது. பலமாக அழுத்தவும் பயம். நிறுத்திவிடட்டுமா என்று முதலாளியைப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மிஸ் தகட்டை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "விடாதேங்கோ தம்பி."

விடவில்லை. சத்தம் தடித்துக்கொண்டே வந்தது; பாதித் தூரத்தில் முனை டக்கென்று முறிந்தது. முனை தகட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது.

மெஷினை நிறுத்தினேன். மிஸ்தான் முறிவுக்கு முந்திய பகுதியை அறுக்கச் சொன்னார். துளையில்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தத் துண்டைத் தாளில் சுற்றிக்கொண்டு, "இது காணும்" என்றார். அது போதுமாகத்தான் இருந்தது. அதை வைத்தே படிப்பை முடித்தார். இப்போது வெளிநாட்டில் வேலை.

மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் எனக்கு வினையாயிற்று. அன்றிலிருந்து அந்த மெஷின் பொறுப்பு முழுக்க என் தலையில். வேறிடம் போகட்டுமா என்று வாயைத் திறந்தால், "ஒன்ன விட்டா அத யாருடா பாக்குறது?" என்பார் முதலாளி. போன மாதம் மிஸ் போனில், "இன்னும் அந்த மெஷினிலதானோ தம்பி?" என்று கேட்டார். "ஓம் மிஸ்" என்றேன், அவர் பேச்சிலேயே. இரண்டு பேரும் சிரித்தோம்.

லாச்சியில் கிடப்பது முனை நின்றுபோன மற்றப் பாதி. தட்டி எடுத்துத் தரவா என்று பாஸ் பலமுறை கேட்டுவிட்டார். தட்டினால் வராது, சுற்றிலும் அலுமினியம் அப்படி இறுகிப் பிடித்திருக்கிறது. அறுத்தால்தான் வரும். இரும்பறுக்கும் வாள் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் தொங்குகிறது.