ரஞ்சினி அக்கா கேட்கக் காத்திருந்த கார்

வெள்ளிக்கிழமை பின்னேரம் ரஞ்சினி அக்காவின் கைத்தொலைபேசிக்கு அழைப்பு எடுத்தேன். மகள் நிரோஷாதான் பேசினாள். "மாமா, அம்மா இப்பதான் எங்களை விட்டிட்டுப் போயிட்டா." என் முதுகுக்குப் பின்னால், நான் மாதக்கணக்காகப் பழுதுபார்த்த பழைய ஜெர்மன் கார் முதன்முறையாக உறுமிக்கொண்டிருந்தது. கொஞ்சம் முந்தியிருந்தால்! அந்த நினைப்பு என்னைத் தின்கிறது.

அக்கா மன்னார்க்காரர். புலம்பெயர்ந்து வந்த இந்த நகரின் சென்ட் லோரன்ட் பகுதியில் அவர் வேலைசெய்த தையல் தொழிற்சாலை மூடியபின் எங்கள் கராஜுக்கு வந்து, பழைய கார்களுக்கு இருக்கை தைத்தார். நான் எஞ்சின் பார்ப்பவன். உலகப் போருக்கு முன்னர் செய்த அந்த ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார் வந்த அன்று அக்கா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். காற்று வழுக்கிப் போகட்டும் என்று பின்சக்கரங்களைக்கூடத் தகட்டால் மூடியிருந்தார்கள். உலகத்திலேயே மிகச் சிலதான் மிச்சம் என்றார் பக்கத்து ஊர் கர்க்லாண்டிலிருந்து அதைக் கொண்டுவந்த உரிமையாளர். அக்கா அசரவில்லை. "பாவிச்சுத் தேஞ்ச சவுக்காரக் கட்டி மாதிரிக் கிடக்கு."

சிவப்புத் தோலில் இருக்கைகளைத் தைத்து முடித்ததும் எனக்கு உத்தரவு போட்டார். "ஒரு ஞாயிறு என்னை இதிலை சேர்ச் பூசைக்குக் கொண்டுபோய் இறக்கு. சனம் வயிறெரியட்டும்." உரிமையாளரும் சிரித்துச் சம்மதித்தார்.

எஞ்சின்தான் மசியவில்லை. உதிரிப்பாகம் எங்கும் வாங்க முடியாது. நானே இரும்பைக் கடைந்து பொருத்தினேன், கழற்றினேன், மறுபடி பொருத்தினேன். பனி கொட்டத் தொடங்கியபோது அக்காவுக்குப் புற்றுநோய் என்றார்கள். ஏறிப்போகும் ஆசையை விட்டு, "வந்து பாக்கிறன்" என்றார். பிறகு கட்டிலை விட்டே இறங்க முடியவில்லை. "சத்தத்தையாவது கேக்கவிடு, தம்பி."

ஒவ்வொரு பின்னேரமும் தொலைபேசியை எஞ்சினருகே பிடித்தேன். அது இருமும், தும்மும், அடங்கும்.

"என்னைவிட மோசமா இருமுது," என்பார். "அந்தோனியார் துலைஞ்சதைத்தான் எடுத்துத் தருவார். எஞ்சினுக்கு ஆரெண்டு தெரியேல்லை. உன்ரை பிள்ளையாரைக் கேள்."

கேட்டேன். கெஞ்சினேன். சண்டையும் பிடித்தேன். கடைசி வாரம் அவரிடமிருந்து "எஞ்சின் பிடிச்சிட்டுதோ?" என்பது மட்டுமே வந்தது. பதிலுக்கு மறுபடி சாவியைத் திருப்பினேன்.

வெள்ளிக்கிழமை பிடித்தது. நிரோஷா சொன்னதைக் கேட்டதும் எஞ்சினை நிறுத்தக் கை நீட்டினேன்.

"அது அந்தக் காரோ, மாமா?"

"ஓம், பிள்ளை."



"ஃபோனை அம்மாவின்ரை காதிலை வைக்கிறன். நிப்பாட்டாதேங்கோ."

கராஜ் கதவு திறந்திருந்தது. குளிர் உள்ளே அடித்தது. பெற்றோல் தீர்ந்து கார் தானாக நிற்கும்வரை தொலைபேசியைப் பிடித்தபடி நின்றேன்.

போய்வாருங்கள், அக்கா. பிடித்துவிட்டது.