அண்ணன் ஆட்களை ஏற்ற மறுத்த லொறி

எங்கள் அண்ணன் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். அப்பா சீக்கிரமே காலமாகிவிட்டதால் படிப்பை நிறுத்திவிட்டுப் பசறையில் ஒரு கராஜில் சேர்ந்தார். பிறகு கொழுந்து லொறி ஓட்டி அம்மாவையும் என்னையும் காப்பாற்றினார். பழைய லொறி வாங்குகிறவர்கள் அவரை அழைத்துப்போவார்கள். எந்தப் பாகம் கம்பெனியில் பூட்டி வந்தது, எது பின்னால் மாற்றியது என்று பார்த்துச் சொல்வார்.

என் திருமணம் பதுளைக் கோயிலில். உறவினர்கள் போய்வர, அண்ணனுக்குப் பழக்கமான பதுளைக் கடைக்கார முஸ்லிம் நானா ஒருவர், தாம் வாங்கியிருந்த பழைய லொறியைக் கொடுத்தார். திருமணத்துக்கு முதல் நாள் அதைத் தோட்டத்துக்கு ஓட்டி வந்த அண்ணனுக்கு, வெறும் வண்டியே ஏற்றத்தில் திணறியது சரியாகப் படவில்லை. விடிந்ததும் பின்சில்லுகள் தரையில் படாமல் ஜக் வைத்து லொறியைத் தூக்கினார். எஞ்சினிலிருந்து பின் அச்சுக்கு வரும் தண்டில் சோக்கால் கோடு போட்டு, இரண்டு பக்கச் சில்லுகளையும் சேர்த்து ஒரு சுற்று சுற்றவைத்தார். கதவருகே இருந்த கம்பெனித் தகட்டின்படி தண்டு ஆறு சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டும். ஐந்துகூடச் சுற்றவில்லை.

“இது இந்த லொறியோட அச்சு இல்ல. சமதரையில வேகமா ஓடுற வண்டியோடத மாத்திப் பூட்டியிருக்காங்க. இவ்வளவு சனத்தோட பள்ளத்துல எறங்குனா எஞ்சின் வண்டிய இழுத்துப் புடிக்காது. பிரேக்க மட்டும் நம்பி நான் ஏத்த மாட்டேன்” என்றார்.

எல்லோரும் பஸ்ஸுக்கு நின்றோம். பட்டுச்சேலையோடு நெரிசலில் நான் வழியெல்லாம் அழுதேன். போய்ச் சேர்ந்தபோது முகூர்த்தம் தவறியிருந்தது. அண்ணன் என் மாமனாரிடம் கைகூப்பி நடந்ததைச் சொன்னார்.

மாமனார் வந்திருந்தவர்களை ஒருமுறை பார்த்தார். பிறகு, “எல்லாரும் நல்லபடியா வந்துட்டீங்கல்ல. அடுத்த நல்ல நேரம் எப்பன்னு ஐயரக் கேப்போம்” என்றார். பின்னேரம் தாலி ஏறியது.

தாம் கொடுத்த லொறியை ஒதுக்கியதில் நானாவுக்கு மனத்தாங்கல். அண்ணன் அவரை லொறிக்கு அடியில் படுக்கவைத்துக் காட்டினார். பிறகு இருவருமாக மொனராகலைப் பக்கம் பழைய சாமான் கடைகளில் அலைந்து, பொருத்தமான அச்சைத் தேடிப் பூட்டினார்கள்.

பல வருடங்களுக்குப் பிறகு, சிறுநீரக நோயால் பதுளை ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒருநாள் அண்ணன் கேட்டார்: “அன்னைக்கு பஸ்ல அழுதியே, எம்மேல கோவமா?”

“இல்லண்ணே. கல்யாணம் நின்னுருமோன்னு பயம்.”

“எனக்கும் அதே பயந்தான், தங்கச்சி” என்றார்.

அன்று எங்களோடு பஸ்ஸில் வந்தவர்கள் இப்போது பேரன் பேத்தி கண்டவர்கள். அவர்களுடைய பிள்ளைகள்தான் முறைவைத்து ஆஸ்பத்திரியில் தங்கினார்கள். இறுதி ஊர்வலத்தில் அண்ணனைத் தோளில் சுமந்தவர்களும் அவர்களே. அவர்களுக்கும், துக்கத்தில் கூட நின்ற அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.