என் பெயரில் யாரோ நடத்திய ஆய்விதழ்

அந்தப் பெண்ணும் அவள் அப்பாவும் எனக்கு நன்றி சொல்லத்தான் வந்திருந்தார்கள். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு சின்ன ஊர். அடைமழையில் பஸ் பிடித்து இறங்கியதில் இருவருக்கும் தோள்வரை ஈரம். அப்பாவின் கையில் ஒரு பை நிறையச் சீதாப்பழம் இருந்தது.

கள்ளக்குறிச்சியில் நான் நூலகராக இருக்கும் கல்லூரியில் ஓர் ஆய்விதழும் நடத்துகிறோம். அச்சு கிடையாது, இணையத்தில் மட்டும்தான். படிக்கிறவர்களும் காசு கட்ட வேண்டாம், எழுதுகிறவர்களும் கட்ட வேண்டாம். செய்தித்தாள் ரேக்குக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர், நான், என் உதவியாளர். அவ்வளவுதான் அலுவலகம். வருகிற கட்டுரையை அந்தத் துறை தெரிந்த இரண்டு பேருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்போம். ஒப்புக்கொண்டவர்கள் மாதக்கணக்கில் பதில் போடமாட்டார்கள். அவர்களைத் துரத்துவதுதான் என் வேலையில் பாதி.

அந்தப் பெண் முனைவர் பட்டத்துக்குப் படிப்பவள். "என் கட்டுரை போன இதழ்ல வந்துச்சுங்க மேடம். நேர்ல பாத்துச் சொல்லணும்னு அப்பாதான் கூட்டினு வந்தாரு" என்றாள்.

எனக்கு ஞாபகம் வரவில்லை. எங்கள் இதழில் ஒரு கட்டுரை வந்து எனக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. அடிக்குறிப்பு வரைக்கும் நான்தான் சரிபார்க்கிறேன். தலைப்பு என்ன என்று கேட்டேன். காப்பித் தோட்ட வேலைக்கும் மிளகு பறிக்கவும் குடும்பத்தோடு மலையை விட்டுப் போகிறவர்களின் பிள்ளைகள் படிப்பு என்னவாகிறது என்பதைப் பற்றி எழுதியிருந்தாள். கம்ப்யூட்டரில் தேடினேன். இல்லை.

"இதோ மேடம்" என்று போனை நீட்டினாள்.

எங்கள் இதழின் பெயர். எங்கள் பதிவு எண். எங்கள் நூலகத்தின் முகப்பு, அதன் எதிரில் நிற்கும் என் உதவியாளரின் பைக் உட்பட. கீழே முதன்மை ஆசிரியர் என்று என் பெயர், என் படம். கல்லூரி ஆண்டுவிழாவில் எடுத்தது. பக்கத்தில் நின்றவரை வெட்டியிருந்தார்கள், அவர் தோள் மட்டும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்தை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

"இது எங்களுது இல்லம்மா" என்றேன்.

அவள் முதலில் சிரித்தாள். "நீங்கதான மேடம் எனக்கு மெயில் போட்டீங்க?"

மெயில்களைக் காட்டினாள். ஒன்றல்ல, பல. 'மலையிலிருந்து ஒரு பெண் இப்படி எழுதுவது எங்களுக்கெல்லாம் பெருமை. மனம் தளர வேண்டாம். உங்கள் அம்மாவின் உடல்நிலை இப்போது எப்படி இருக்கிறது? அன்புடன்' என்று எழுதி, அடியில் என் பெயரும் பதவியும். நான் யாருக்கும் அப்படி எழுதியதில்லை. என் மெயில்களில் விதிமுறை எண்கள்தான் இருக்கும்.

"பணம் கேட்டாங்களா?"

அப்பாவை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினாள். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

அப்பா அதுவரை உட்காரவே இல்லை. "அப்ப அந்த லெட்டர்லாம் இவங்க எழுதலியா?" என்று மகளிடம் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "எம் பொண்ணு எழுதனதும் பொய்யிங்களா?"

"இல்லீங்க. அவங்க எழுதினது நெஜம். அதைப் போட்டவங்கதான் வேற யாரோ."

உதவியாளர் அந்தப் பெண்ணுக்கென்று தண்ணீர் கொண்டுவந்தார். டம்ளரை வாங்கி நானே குடித்துவிட்டேன். காலியான பிறகுதான் அது எனக்கு வந்ததல்ல என்று தெரிந்தது. அவளுடைய பல்கலைக்கழகத்தில், ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் அங்கீகரித்த இதழ் ஒன்றில் கட்டுரை வந்திருக்க வேண்டும். அந்தப் போலிப் பக்கத்தைத்தான் பிரின்ட் எடுத்து ஆய்வேட்டோடு இணைத்து வைத்திருந்தாள்.

அவர்கள் போன பிறகு, அந்தப் பக்கத்தில் இருந்த முகவரிக்கு நானே எழுதினேன். என் முழுப்பெயரையும் போட்டு, இதழின் உண்மையான ஆசிரியர் நான், உடனே மூடுங்கள் என்று கேட்டேன். மறுநாள் காலையிலேயே பதில் வந்தது. 'இந்த இதழின் முதன்மை ஆசிரியர் நான்தான். எங்கள் பெயரில் போலிகள் உலவுவதாக அறிகிறோம். எச்சரிக்கையாக இருக்கவும்.' கீழே என் பெயர். அதை உதவியாளரிடம் படித்துக் காட்டத் தொடங்கி, பாதியில் திரையையே அவர் பக்கம் திருப்பிவிட்டேன்.

கல்லூரி முதல்வரிடம் சொன்னேன். அவரே உடன் வந்து சைபர் கிரைமில் புகார் கொடுக்க வைத்தார்.

அந்த வாரமே இன்னொன்று. போலிப் பக்கத்தில் யார் யாரெல்லாம் எழுதியிருக்கிறார்கள் என்று உதவியாளர் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "மேடம், இங்க வாங்க." எங்கள் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரின் பெயர், மூன்று கட்டுரைகளில். எங்கள் ஆசிரியர் குழுவிலேயே இருப்பவர். கூட்டம் முடிந்ததும் நூலகத்தில் எங்களோடு டீ குடித்துவிட்டுப் போகிறவர்.

பாவம், இவரும் ஏமாந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு அவர் துறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார்.

"சார், அந்த வெப்சைட்டு நம்மளுது இல்ல."

"தெரியும் மேடம்."

"எப்பலேருந்து?"

"போன வருஷத்துலேருந்தே தெரியும்."

அவரே பேசினார். "நம்ம இதழ்ல போடணும்னா திருத்து, திருப்பி அனுப்புன்னு ஆறு மாசம் ஆவுது. அங்க ஒரு வாரத்துல போட்டுடறான். பேர் ஒண்ணுதான, யாரு பாக்கப் போறாங்க? ப்ரோமோஷனுக்கு நான் இன்னா மேடம் பண்றது?"

ஒரு தயக்கம்கூட இல்லை. பஸ் லேட்டு என்று சொல்வது போலச் சொன்னார். ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால் அந்த மலைப் பெண் தப்பித்திருப்பாள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் எனக்கு டீ சொல்லிக்கொண்டிருந்தார். எழுந்து வந்துவிட்டேன். முகம் தெரியாத திருடனைவிட அந்த டீதான் பல நாள் நெஞ்சில் நின்றது.

அவரை விட்டுவிட்டு ஆசிரியர் குழுவைக் கூட்டி, அந்தப் பெண்ணின் கட்டுரையை நாமே வெளியிடலாமா என்று கேட்டேன். வேறெங்கோ வெளிவந்ததை நாம் போடக்கூடாதே என்றார் ஒருவர். அது வெளியீடே இல்லை, திருட்டு என்றேன். கடைசியில், புதுக் கட்டுரையாக எடுத்து முறைப்படி மதிப்பாய்வுக்கு அனுப்பலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். மீண்டும் அனுப்பும்படி அவளுக்கு மெயில் போட்டேன். பதில் இல்லை. இன்னொன்று போட்டேன். அதற்கும் இல்லை. போன் செய்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே. ஆய்வேடு கொடுக்கும் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு சனிக்கிழமை கச்சிராயபாளையம் வழியாக மலை பஸ் ஏறினேன். வெள்ளிமலையில் இறங்கி விசாரித்ததில், ஒருவர் பைக்கில் கொண்டுபோய் விட்டார். வீட்டுக்குப் பக்கத்துக் கொல்லையில் அவளும் அம்மாவும் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கிழங்கைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"மெயில் பாக்கலியாம்மா?"

"பாத்தேன் மேடம். உங்க பேர்ல வந்துச்சு. அதனாலதான் தொறக்கல."

மண்ணைத் தட்டக்கூடத் தோன்றாமல் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷம் நான் கையெழுத்துப் போட்டு வந்த பெயர் அது. அதைப் பார்த்து ஒரு பெண் பயந்து ஒதுங்கியிருக்கிறாள்.

"படிப்பையே வுட்டுட்டேன்னுதுங்க" என்றார் அம்மா. "பெங்களூருக்கு வேலைக்குப் போறேன்னு நிக்குது. நீங்களே கேளுங்க."

அப்பா உள்ளேயிருந்து நாற்காலி கொண்டுவந்து போட்டார். அவள் மேட்டுப் பக்கம் போய் சிக்னல் பிடித்து என் மெயிலைத் திறந்தாள். வந்து சத்தமாகப் படித்தாள். 'தங்கள் கட்டுரை இதழின் விதிமுறைகளின்படி மீண்டும் சமர்ப்பிக்கப்பட வேண்டும். மேற்கோள் முறை சரியாக இல்லை. திருத்தவும்.'

"திட்ற மாரி இருக்குது" என்றாள்.

"அப்ப இது இந்தம்மா எழுதனதுதான்" என்றார் அப்பா. "ஏமாத்தறவன் ஏன் திட்டப் போறான்?"

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்தது.

அன்று மத்தியானம் அங்கேயே சாப்பிட்டுவிட்டு, இருவரும் கட்டுரையைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பிறகும் சுலபமாக முடியவில்லை. மதிப்பாய்வாளர்களில் ஒருவர் பாதியைத் திரும்ப எழுதச் சொன்னார். கோபப்பட்டாள், எழுதினாள். கல்லூரியிலிருந்து நடந்ததைச் சொல்லிக் கடிதம் கொடுத்தோம். பல்கலைக்கழகம் கூடுதல் அவகாசம் தந்தது. கட்டுரை எங்கள் இதழில், எங்கள் நிஜமான இதழில் வந்தது.

போலிப் பக்கத்தை ஒரு முறை மூடினார்கள். முகவரியில் ஓர் எழுத்தை மாற்றி மறுபடி வந்துவிட்டது. புகார் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. குழுவிலிருந்து அந்தப் பேராசிரியரை முதல்வர் நீக்கினார். ஆனால் அவர் எதிர்பார்த்த பதவி உயர்வு அவருக்குக் கிடைத்துவிட்டது. வராந்தாவில் பார்த்தால் இப்போதும் நன்றாகத்தான் பேசுகிறார்.

அவள் பட்டம் வாங்கிவிட்டாள். சங்கராபுரம் பக்கம் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறாள். இப்போது எங்களுக்கு வரும் சில கட்டுரைகளை அவளே மதிப்பாய்வு செய்கிறாள். எதையாவது அனுப்பினால் நான் முதலில் போன் செய்து சொல்லிவிட வேண்டும். "நீங்கதான மேடம் அனுப்பினீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் திறப்பாள். நான்தான் என்று சொல்கிறேன்.