இயந்திரத் துப்பாக்கியும் ஒரு வழுக்கைத் தலையும்

எங்கள் கேமரா கூட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. யாருடைய லென்ஸ் நீளமோ அவர் முன்னால் நிற்க வேண்டும். என் மகன் வாங்கித் தந்த கேமரா கைக்குள் அடங்கிவிடும். ஆகவே என் இடம் எப்போதும் கடைசி. கூடவே எல்லாருடைய பைகளும் என் காவலில். பெரிய மனிதர்கள் நம்பி ஒப்படைக்கிறார்களே, அதுவும் ஒரு பதவிதான்.

ஞாயிறுதோறும் ஜங்லிகாட் பகுதியில் ஒரு டீக்கடையில் கூடுவோம். அந்தக் கடைச் சுவரில் ஒரே ஒரு படத்துக்குத்தான் ஆணி. போன மழைக்காலத்திலிருந்து அதில் எங்கள் தலைவர் எடுத்த சூரிய அஸ்தமனம் தொங்கியது. கப்பல் டிக்கெட் ஆபீசில் ரிட்டயரானவர் அவர். இந்தத் தீவில் வேறு யார் கண்ணிலும் சூரியன் படவில்லை போலும். அந்த ஆணியில் என் படம் ஒன்று தொங்க வேண்டும் என்று எனக்கு ஆசை. சிரிப்பார்கள் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

ஒரு சனிக்கிழமை, பட்டாளத்துக்காரர்கள் கடலுக்கு அக்கரையில் பாம்பூஃப்ளாட் பக்கம் ஒரு மைதானத்தில் ஜனங்களுக்கு இயந்திரத் துப்பாக்கி சுட்டுக் காட்டினார்கள். குண்டில்லாத வெடிதான்.

"குழல் வாயில நெருப்பு வர்ற நொடி யார் படத்துல விழுதோ, ஆணி அவங்களுக்கு," என்று போகும் ஃபெர்ரியிலேயே அறிவித்தார் தலைவர். தனக்குத்தான் என்று முகத்தில் எழுதியிருந்தது. அதை மட்டும் நான் எழுத்துக் கூட்டாமல் வாசித்துவிட்டேன்.

மைதானத்தில் கயிற்றை ஒட்டி நீள லென்ஸ்கள் வரிசை கட்டின. தலைவர் தொப்பியைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"கேமராவுல இடிக்குதும்மா. பத்திரமா வச்சிருங்க."

"தலையையும் குடுத்துட்டுப் போங்க சார். மறைக்குது."

"அரே அம்மா, உங்க கேமராவுக்கு எங்க நின்னாலும் ஒண்ணுதான்."

துப்பாக்கி முழங்கியது. முதல் முழக்கத்துக்கு வரிசை முழுவதும் கண்ணை மூடிக்கொண்டது. அடுத்ததற்கு எல்லாரும் குனிந்து, முந்தியதில் என்ன விழுந்தது என்று திரையில் தேடிக்கொண்டிருந்தார்கள். கடைசி முழக்கத்துக்கு நான் பட்டனில் வைத்த விரலை எடுக்கவேயில்லை. கேமராவில் எனக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான். விரலை எடுக்கும்வரை அது பாட்டுக்குப் படமாக எடுத்துத் தள்ளும்.

திரும்பும் ஃபெர்ரியில் படங்களைப் பார்த்தோம். அவர்களிடம் புகை இருந்தது, வானம் இருந்தது, ஒருவரிடம் தன் செருப்பே இருந்தது. என்னிடம் நெருப்பு இருந்தது, முழுசாக. ஆனால் அது தலைவரின் வழுக்கையில் கொம்பு முளைத்த மாதிரி கிளம்பியது.

"என் தலைய மட்டும் கட் பண்ணிடலாம்," என்றார் அவர்.

"பண்ணுங்க சார். நெருப்பும் சேந்து போயிரும். அப்புறம் உங்க சூரியனே இருக்கட்டும்."

மறுவாரம் பிரிண்ட் போட்டு எடுத்துப் போனேன். டீக்கடைப் பெங்காலிக்காரர் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "பஸ், யஹி லகேகா," போதும், இதைத்தான் மாட்டுவேன் என்று அவரே சூரியனை இறக்கினார்.

இப்போது தலைவர் தினமும் அங்கே வருகிறார். புது ஆள் யாராவது டீ குடிக்க வந்தால், படத்துக்கு அடியில் போய் நின்று தொப்பியைக் கழற்றுகிறார். "நான்தான்," என்கிறார். எடுத்தது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

தப்பில்லாமல் எனக்கு எழுத வருவது என் பெயர் மட்டும்தான். கடைக்காரரிடம் மார்க்கர் வாங்கிப் படத்தின் மேலேயே அதை எழுதினேன். என் எழுத்து கொஞ்சம் பெரிசு. அவர் வழுக்கையில்தான் காலி இடம் இருந்தது.