சுண்ணாம்புக்கல் எலி

எங்கள் சின்னம்மாவின் பக்திக்கு அளவும் கிடையாது, ஆராய்ச்சியும் கிடையாது. பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் பகுதியில் எங்கள் இரண்டறை வீட்டில் அவர் இருந்தபோது எனக்கு ஒன்பது வயது. அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வரவேண்டுமென்று காத்திருந்தார். காலையில் தபால் பெட்டியைத் திறந்து பார்ப்பார். வெறுமையாக இருந்தால் சாமித்தட்டின் முன் கூடுதலாகக் கொஞ்ச நேரம் நிற்பார்.

அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் எங்களை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார்கள். பழைய எகிப்தில் தொழிலாளிகள் உடைந்த சுண்ணாம்புக்கல் சில்லுகளில் மையால் கீறிய படங்கள் இருந்தன. தாள் விலை கூடியது, கல் சும்மா கிடந்தது என்றார் ரீச்சர். ஒரு சில்லில் எலி ஒன்று சீமாட்டி மாதிரிக் கதிரையில் இருக்க, பூனை நின்று விசிறியது. திரும்பி வந்ததும் ரீச்சர் ஆளுக்கொரு வெள்ளைக்கல் தந்தார். நல்ல படத்தைத் திங்கட்கிழமை கண்ணாடிப் பெட்டியில் வைப்பாராம். மூன்று நாள் இருந்து அந்த எலியையும் பூனையையும் கீறினேன். என் எலிதான் எடுப்பு என்று இன்றைக்கும் சொல்வேன்.

ஞாயிறு காலை கல்லை ஜன்னலோரத்தில் காணவில்லை. சாமித்தட்டில் இருந்தது. எலியின் நெற்றியில் குங்குமம், உடம்பெல்லாம் சந்தனம். பன்னீர் தெளித்ததில் பூனை கறுப்புக் கறையாகியிருந்தது. சின்னம்மா குனிந்து எலியின் காதுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

இது பள்ளிக்கூட வேலை, எகிப்து எலி, சாமியில்லை என்று பிரெஞ்சில் கத்தினேன். அவருக்கு ஒரு சொல்லும் விளங்காது என்று தெரிந்ததால் இன்னும் பலமாகக் கத்தினேன்.

"பிள்ளையாற்றை வாகனமடி. பூனையே நிண்டு விசிறுதெண்டால் எவ்வளவு சக்தி இருக்கவேணும், யோசிச்சுப் பார்," என்றார்.

இவரோடு என்னத்தைப் பேசுவது? கல்லைப் பறித்துக்கொண்டுபோய்க் குழாயடியில் தேய்த்தேன். குங்குமத்தோடு எலியும் கரைந்தது.

"காதையெண்டாலும் விடு பிள்ளை. இப்பதான் சொன்னனான்."

அதையும் தேய்த்தேன்.

திங்கட்கிழமை வெறுங்கல்லோடு போனேன். அடுத்த வாரம் பதில் வந்தது. அம்மா வாசித்துவிட்டுக் குசினிக்குள் அழுதார். "இல்லை" என்று எழுதியிருப்பதாக மட்டும் எனக்குச் சொன்னார்கள். சின்னம்மா ஒற்றைப் பையோடு பொண்டி என்ற புறநகரில் தெரிந்தவர் வீட்டுக்குப் போனார். பிறகு அங்கேயும் இல்லை என்றார்கள்.

ஓர் எலிக்காகச் சின்னம்மாவுக்கு இவ்வளவு கோபமா என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. அதே கல்லில் எலியைத் திரும்பக் கீறினேன், இந்த முறை காதுகளைப் பெரிதாக. நானே சாமித்தட்டில் வைத்தேன். கோபம் ஆறினால் எழுதுவார் என்று, அதன்பிறகு காலையில் தபால் பெட்டியைத் திறந்து பார்த்தது நான்தான்.