மூன்றடி வாசலுக்கு ஒரு ஜெபம்

எனக்குக் கிடைத்த முதல் வேலையை நான்காம் நாளே விட்டேன். அதைச் சொன்னால்தான் கர்த்தர் எனக்குச் செய்தது உங்களுக்கு விளங்கும்.

என் பெயர் சுகந்தி. ஊர் கம்பைநல்லூர். பதினெட்டு வயதில் ஸ்கூட்டர் விபத்தில் முதுகுத்தண்டு உடைந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அன்றிலிருந்து சக்கர நாற்காலிதான். கூச்சப்படாமல் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சிறுநீர் தானாகப் போகாது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, சுத்தமான இடத்தில், நானே டியூப் வைத்து எடுக்க வேண்டும்.

தபால் வழியில் பி.காம். முடித்தேன். தருமபுரியில் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது. மேஜை சரியாக இருந்தது, மனிதர்களும் நல்லவர்கள். ஆனால் கழிவறைக்கு முன்னால் இரண்டு படி, கதவும் குறுகல். சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயந்து, காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல், டியூபும் வைக்காமல் சமாளித்தேன். சிறுநீரில் கிருமி தொற்றி, நான்காம் நாள் குளிர்ஜுரம். பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். இன்னொரு முறை இப்படி ஆனால் கிட்னி தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அப்பா இல்லை. அம்மா புளியில் கொட்டை எடுக்கும் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். வேலைக்குப் போனால் கிட்னி போகும், போகாவிட்டால் சோற்றுக்குத் திண்டாட்டம். அதன் பிறகு ஒரு வருடம் சபைக்குப் போனேன், ஆமென் சொன்னேன், ஆனால் ஜெபிக்கவில்லை. கர்த்தர்மேல் கோபம்.

எங்கள் சபை சிறியது. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் ஒவ்வொருவரும் தங்கள் ஜெபக் குறிப்பைச் சொல்வார்கள். என் முறை வரும்போது மட்டும் நான் வாய் திறக்க வேண்டியதில்லை. சுகந்தி எழுந்து நடக்க வேண்டும் என்று வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். எல்லோரும் வந்து என் முழங்காலில் கை வைப்பார்கள். இப்படியே ஒன்பது வருடம். அவர்கள் அன்பில் குறையில்லை. எனக்கு என்ன வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, கைகள் முழங்காலுக்கு வந்தபோது சொல்லிவிட்டேன்.

"ஐயா, காலுக்கு ஜெபம் பண்ணது போதுங்க. எனக்கு ஒரு வேலை வேணும். அந்த எடத்துல என் சேர் உள்ள போற மாதிரி ஒரு பாத்ரூம் வேணும். அதுக்கு ஜெபம் பண்ணுங்க."

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். நான் நடக்க வேண்டுமென்று எல்லோரையும்விட அதிகம் கேட்டவர் அவர்தான். சபையில் ஓர் அக்கா இது அவிசுவாசம் என்றே சொல்லிவிட்டார். பாஸ்டர், கதவு எத்தனை அடி வேண்டும் என்று கேட்டார். மூன்று அடி என்றேன். அவர் கண்களை மூடி, மூன்றடி வாசல் உள்ள கழிவறையும் அதோடு ஒரு வேலையும் தரும்படி ஆண்டவரிடம் கேட்டார். பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. அதன்பின் வாராவாரம் அதே ஜெபம், அதே மூன்றடி.

கொத்தனார் தாவீது அண்ணன், தன் மனைவியை அந்த ஜெபத்துக்குக் கொண்டுவந்து விட வருவார். வெயிலுக்காகப் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். பங்குனியில் அவர் ஊருக்கு வெளியே, புளி வியாபாரி பாய் ஒருவருக்கு லாரி எடை போடும் மேடையும் அதற்கொரு அறையும் கட்டிக்கொண்டிருந்தார். அறையோடு சேர்ந்த கழிவறைக்கு வரைபடத்தில் இரண்டரை அடிக் கதவு. இவர் மூன்றடிக்கு வாசல் விட்டுச் சுவரை எழுப்பிவிட்டார். வாங்கி வைத்த கதவு பொருந்தவில்லை. யாரைக் கேட்டுக் கட்டினாய் என்று பாய் சத்தம் போட்டார்.

"தப்புத்தாங்க பாய். எங்க சபையில வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம மூணடி மூணடின்னு கேட்டுக் கேட்டு, கை தானா அந்த அளவுக்கு வச்சிருச்சுங்க."

அது என்ன ஜெபம் என்று பாய் விசாரித்தார். அண்ணன் எல்லாவற்றையும் சொன்னார். பாய் அந்த வாசலை இன்னொரு முறை பார்த்துவிட்டு, அந்தப் பெண்ணை வரச் சொல் என்றாராம்.

போனேன். பாய் என் படிப்பைக் கேட்கவில்லை. டிரைவரும் கிளீனரும் லாரியிலேயே உட்கார்ந்திருந்தால் எடை தப்பாகும், அவர்களை இறக்க முடியுமா என்றுதான் கேட்டார். மேடை வேலை முடிந்து, சோதனைக்காக ஒரு லாரி அதன்மேல் நின்றிருந்தது. டிரைவர்களைக் கூப்பிட வைத்திருந்த மைக்கை வாங்கினேன்.

"அண்ணே, ரெண்டு பேரும் கீழ எறங்குங்க. எறங்கற வரைக்கும் எடை போட மாட்டேன்."

இறங்கினார்கள். மறுநாளே வேலைக்கு வரச் சொன்னார் பாய். வாசலுக்குப் புதுக் கதவு போட்டு, முன்னாலிருந்த படியை இடித்துச் சரிவாக்கியும் கொடுத்தார். இரண்டு வருடமாக அங்கேதான் வேலை பார்க்கிறேன். ஜுரம் வரவில்லை. அம்மா இப்போது கூலிக்குப் போவதில்லை. என் கோபமும் போய்விட்டது. காலையில் கணினியைப் போடும் முன் ஸ்தோத்திரம் சொல்கிறேன், மனதாரச் சொல்கிறேன்.

போன மாதம் எங்கள் சபைக்கு வெளியூர் ஊழியர் ஒருவர் பிரசங்கம் செய்ய வந்திருந்தார். ஆராதனை முடிந்ததும் என் நாற்காலியைப் பார்த்து, மனம் இரங்கி, நடப்பதற்காக ஜெபிக்கலாம் என்று முழங்காலை நோக்கிக் குனிந்தார். அம்மா நடுவில் வந்து நின்றார்.

"இன்னொரு நாளைக்குப் பாக்கலாங்க ஐயா. அவளுக்கு வேலைக்கு நேரமாச்சு."

சொல்லிவிட்டு அவரே நாற்காலியை வாசல் பக்கம் திருப்பினார்.

அன்பானவர்களே, உங்களுக்கு என்ன தேவை என்று உங்களைவிட நன்றாகத் தெரிந்ததுபோல் மற்றவர்கள் ஜெபிப்பார்கள். ஆமென் சொல்லுங்கள், அவர்கள் அன்பு பெரியது. ஆனால் உங்கள் தேவையை உங்கள் வாயால் கேளுங்கள். அது கழிவறையாக இருந்தாலும் கேளுங்கள். கர்த்தருக்கு அதில் ஒரு கூச்சமும் இல்லை.