மொத புருசன் கணக்குல வருமா?

போன ஞாயிற்றுக்கிழமை வல்லம் வடகால் பக்கம், ஓர் இருளர் குடியிருப்பில் எய்ட்ஸ் விழிப்புணர்வு முகாம். நான் வேன் டிரைவர். இந்த வேலை எத்தனை நாளைக்கோ... நான்தான் எதிலும் நிலைக்காதவனாயிற்றே!

மரத்தடியில் இளசுகள். முக்கால்வாசிப் பேர் கம்பெனிகளில் கான்ட்ராக்ட் வேலை. ஆலோசகர் மேடம் மைக்கில், "ஒருவனுக்கு ஒருத்தின்னு வாழ்ந்தா பயமே இல்லை" என்று முடித்தார். ஆணுறை பற்றிப் பேசவில்லை. அண்ணன், தங்கை எல்லாம் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்களாம், நன்றாயிருக்காதாம். கொண்டுவந்த ஆணுறைப் பெட்டி வேனிலேயே கிடந்தது.

அமுலு எழுந்தாள். பெயரை மாற்றியிருக்கிறேன். கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவள். மாசமாக இருக்கிறாள்.

"மேடம், இவுரு எனக்கு ரெண்டாவது. மொத ஆளு ஒத்து வரலன்னு பெரியவங்க முன்னாடி அத்துக்கினேன். அப்போ எனக்கு அந்த நோவு வந்திருக்குமா? கொயந்தைக்கும் வந்துடுமா?"

யாரும் சிரிக்கவில்லை. ஒத்துவராவிட்டால் விலகலாம், மறுபடி கட்டிக்கொள்ளலாம் - அங்கே அது வழக்கம். அதில் அவமானம் ஏது? மேடத்துக்குத்தான் வியர்த்தது. "அதுக்கில்லம்மா... எதுக்கும் டெஸ்ட் எடுத்துடு."

அவள் புருஷன் ஏழுமலை காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். "எனக்கு இவ ஒருத்திதான் பொண்டாட்டி. நான் பாஸு!"

"இன்னா பாஸு? என்னைக் கட்றதுக்கு முன்னாடி லாரி ஓட்டிக்கினு இருந்தியே... வழியில எறங்குன எடமெல்லாம் கணக்குல வராதா?"

"அதெல்லாம் கல்யாணமாடி?"

எனக்குத் தலை சுற்றியது. நானும் லாரி கிளீனராக ஊர் ஊராக அலைந்தவன். அந்த 'ஒருவனுக்கு ஒருத்தி' வாசகத்தைச் சுவர் சுவராகப் படித்தவன். அது கல்யாணத்தை எண்ணச் சொல்கிறதா, வேறெதையாவது எண்ணச் சொல்கிறதா? இன்றுவரை யோசித்ததே இல்லை.

அமுலு வேனுக்குள் போய் டெஸ்ட் எடுத்துக்கொண்டாள். அரை மணியில் ரிசல்ட் வந்ததும் அவளே சத்தமாகச் சொன்னாள்: "எனக்கு ஒண்ணும் இல்ல!"

ஏழுமலை லுங்கியைத் தட்டிக்கொண்டு எழுந்தான். "அப்போ எனக்கும் இல்ல. வா, வூட்டுக்குப் போலாம்."

"அப்படி இல்ல தம்பி. உங்களுக்குத் தனியாத்தான் பார்க்கணும்" என்றார் மேடம்.

"நீங்கதான மேடம் ஒருவனுக்கு ஒருத்தின்னீங்க?"

மேடம் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அமுலு விடவில்லை. "கொயந்தைக்கு அப்பன் நீதான? போய் ஒக்காரு. ஊசி குத்திக்காம வூட்டுப் பக்கம் வந்த, சோறு கெடையாது."

வேனுக்குள் போய் உட்கார்ந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தவன், நேராக அவளிடம் போய்க் காதில் ஏதோ சொன்னான். அவள் முகத்திலிருந்து எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இருவரும் நடந்து போனார்கள்.

ரிசல்ட் என்ன என்றுதானே கேட்கிறீர்கள்? தெரியவேண்டியவளுக்குத் தெரிந்துவிட்டது... உங்களுக்கு எதற்கு?